இரண்டு பை மணல்

"பாருங்கம்மா அந்த மனுசனை! பொண்டாட்டி ரெண்டு பை மணலைத் தூக்கிட்டு மூச்சு வாங்குறாங்க. இவரு என்னடான்னா கையை வீசிட்டு வராரு!"

லோஷினிக்குப் பொறுக்கவில்லை. பல்கலைக்கழக விவாதக் குழுவில் மூன்று வருடமாக எதிரணியை உட்கார வைத்துப் பழகிய வாய். மலையேற வந்த இடத்தில் மட்டும் சும்மா இருக்குமா?

"உனக்கு எதுக்குடி ஊர் வம்பு? ஞாயித்துக்கிழமையும் அதுவுமா..." என்று இழுத்தாள் அம்மா பிரேமலா.

உலு திராமிலிருந்து விடிகாலையில் கிளம்பி, குளுவாங்கில் ரொட்டி சானாய் சாப்பிட்டுவிட்டு, லம்பாக் மலை அடிவாரத்துக்கு வந்தபோது மணி எட்டு. அங்கே சின்னச் சின்னப் பைகளில் மணல் கட்டி அடுக்கியிருந்தது. வாராவாரம் மலையேறும் ஒரு கூட்டத்தாரின் ஏற்பாடு. பக்கத்தில் ஒரு பலகை: 'மேலே படிகள் உடைந்திருக்கின்றன. முடிந்தவர்கள் ஆளுக்கொரு பை தூக்கி வாருங்கள். சூடாகத் தே ஓ தேநீர் காத்திருக்கிறது.'

முதலில் பாய்ந்து எடுத்தது லோஷினிதான். பையைத் தோளில் வைத்து ஒரு படம். 'என் சுமை என் தோளில்' என்று ஒரு வரி எழுதி உடனே பதிவேற்றியும் விட்டாள். அம்மாவும் சத்தமில்லாமல் ஒரு பை எடுத்துக்கொண்டாள்.

முதல் வளைவில் லோஷினியின் சப்பாத்துக் கயிறு அவிழ்ந்தது. "ஒரு நிமிஷம் பிடிங்கம்மா" என்று குனிந்து கட்டிவிட்டு நிமிர்ந்தபோதுதான் அந்தத் தம்பதி கண்ணில் பட்டார்கள்.

அம்மா தடுப்பதற்குள் நாலே எட்டில் அவர்களைப் பிடித்துவிட்டாள்.

அந்தப் பெண்ணுக்கு ஐம்பது வயதிருக்கும். இரண்டு பைகளையும் மார்போடு அணைத்திருந்தார். முதுகில் கோணலாக ஒரு பின்னல். கணவர் ஒரு படி பின்னால், வெறுங்கையோடு.

"அங்கிள், அதுல ஒரு பையை நீங்க வாங்கிக்கலாம்ல?"

"வேணாம்மா."

"உங்களுக்கு வேணாம். அவங்களுக்கு வேணுமே?"

"நல்லாத்தானே தூக்குறாங்க. தூக்கட்டும் லா."

இதில் சாவகாசமாக இழுத்து ஒரு 'லா' வேறு! லோஷினிக்கு உச்சந்தலை கொதித்தது.

"ஆன்ட்டி, நீங்களாவது கேளுங்க. வீட்லயும் எல்லாச் சுமையும் உங்க தலையில, மலையிலயும் உங்க தலையிலயா? நீங்க சும்மா இருக்கிறதுனாலதான் இவங்க இப்படி இருக்காங்க. கொடுங்க, நான் கொண்டாரேன்."

பையில் கை வைத்தாள். அந்தம்மா வெடுக்கென்று இழுத்துக்கொண்டார்.

"தொடாதம்மா! ரெண்டும் என்னோடது."

"பயப்படாதீங்க ஆன்ட்டி. அவரு முன்னாடி பேசத் தயங்காதீங்க."

அந்தம்மா கணவரைத் திரும்பிப் பார்த்தார். "கேட்டீங்களா? நான் உங்களுக்குப் பயப்படுறேனாம்!"

இருவரும் சிரித்த சிரிப்பில், இறங்கி வந்த ஒரு குடும்பமே நின்று வேடிக்கை பார்த்தது.

"என் பேரு செல்லம். இவரு கனகராஜ்" என்றார், கண்ணைத் துடைத்துக்கொண்டு. "போன வருஷம் சிங்கப்பூருக்கு வேலைக்குப் போறப்ப மோட்டார் சைக்கிள்ல இருந்து விழுந்து எனக்குத் தோள்பட்டை உடைஞ்சு போச்சும்மா. அன்னைலருந்து ஒரு தம்ளர் தண்ணி தூக்க விடல இந்த மனுசன். சமையல், துணி, எல்லாம் அவருதான். இந்தப் பின்னலைப் பாத்தியா? இந்த அழகும் அவரு கைவேலைதான். கை சரியாயிடுச்சு, விடுங்கன்னா விட மாட்டேங்கிறாரு."

"இப்பதான் நேரா வர ஆரம்பிச்சிருக்கு" என்றார் கனகராஜ், பின்னலைக் காட்டி.

"போன வாரம்தான் டாக்டர், இனி கனம் தூக்கலாம்னு சொன்னாரு. கீழ மணலைப் பாத்ததும் ஆசை வந்துடுச்சு. அவரு பையையும் சண்டை போட்டுப் பிடுங்கிட்டேன்."

லோஷினி அத்தனை சுலபத்தில் தோற்பவளா? "சரி அங்கிள், நீங்க வேறொரு பை எடுத்திருக்கலாமே?"

கனகராஜ் இரண்டு உள்ளங்கைகளையும் விரித்துக் காட்டினார். "இவ வழுக்கினா பிடிக்க வேணாமா? ரெண்டு கையும் காலியா இருந்தாத்தானே முடியும்?"

மூன்று வருடத்தில் முதல் முறையாக லோஷினி எதிரணிக்குத் தலையாட்டினாள்.

"சாரி அங்கிள்."

"அட, விடும்மா. இப்படி நடுவழியில நிறுத்திக் கேக்கவும் ஒரு ஆளு வேணும்ல!"

அதன்பிறகு வழியெல்லாம் ஒரே பேச்சு. வேர்களில் கால் ஊன்றி ஏறினார்கள். செல்லம் ஆன்ட்டி விபத்துக் கதையைக்கூடச் சிரிக்கச் சிரிக்கச் சொன்னார். ஒவ்வொரு வழுக்குப் பாறையிலும் கனகராஜின் கைகள் தாமாக முன்னால் நீள்வதை லோஷினி இப்போது பார்த்தாள். 'பார்த்த மாத்திரத்தில் யாரையும் எடை போடக் கூடாது' என்று எழுதி அடுத்த படத்தோடு போட வேண்டும் என்று நினைத்துக்கொண்டாள்.

மேலே, செல்லம் இரண்டு பைகளையும் மணல் குவியலில் இறக்கி வைத்துவிட்டு, இரு கைகளையும் தலைக்குமேல் தூக்கினார். கூடியிருந்தவர்கள் கைதட்டினார்கள். எல்லோரையும்விடப் பலமாகத் தட்டியது லோஷினிதான்.

தே ஓ ஊற்றிக்கொண்டிருந்த சீன அங்கிள் அவளிடமும் ஒரு குவளையை நீட்டினார். வாங்கப் போனவளிடம், சும்மாதான் மலாயில் கேட்டார்: "பாசிர் மானா, அடிக்?"

மணல் எங்கேயா?

லோஷினி தோளைத் தடவிப் பார்த்தாள். பிறகு மெல்லத் திரும்பினாள்.

கடைசி ஏற்றத்தில் பிரேமலா வியர்த்து வழிய வந்துகொண்டிருந்தாள். ஒவ்வொரு கையிலும் ஒரு பை மணல். வழுக்கினால் பிடிக்கப் பின்னால் யாரும் இல்லை.

மகளைக் கண்டதும் நின்று, மூச்சு வாங்கியபடியே சிரித்தாள்.

"ஏன்டி, உன்னோட அந்த ஒரு நிமிஷம் இன்னும் முடியலையா?"