சிவப்புச் சீட்டு

இதில் ஓர் எழுத்து பொய்யென்றால் என் வாயில் மிச்சமிருக்கும் மூன்று பல்லும் இப்போதே உதிரட்டும்!

ஓர் அலுவலகத்தில் ‘இம்மீடியட்’ என்று அச்சடித்த சிவப்புச் சீட்டு ஒன்று இருந்தது. அதை எந்தக் கோப்பின் மேல் குண்டூசியால் குத்துகிறார்களோ, அந்தக் கோப்புதான் முதலில் நகரும். அங்கே காகிதக் கட்டின் அடியில் ஒரு மனு கிடந்தது. கணவன் சங்கிலியாண்டியின் இருதய ஆபரேஷனுக்கு உதவி கேட்டு முத்துப்பேச்சி கொடுத்த மனு.

“அண்ணே, உங்க பேருக்கு என்ன அர்த்தம்?” என்றது மனு.

“உடனேன்னு அர்த்தம், தம்பி.”

“அப்போ என் மேல வந்து உட்காருங்களேன். டாக்டர் ஒரு மாசந்தான் கெடு சொல்லியிருக்காராம்.”

“நானா வர முடியுமா? குத்துற கை எங்கே குத்துதோ அங்கேதான் இருப்பேன். இப்போ அதிகாரி ரூமுக்குத் திரைச்சீலை வாங்கணும். அதுதான் இம்மீடியட்.”

திரைச்சீலை வந்தது. பிறகு யாருடைய பிரிவுபசாரத்துக்கோ சால்வை வாங்க வேண்டியிருந்தது, அதுவும் இம்மீடியட். “அடுத்தது நான்தானே, அண்ணே?” என்று மனு தினமும் கேட்டது. சீட்டு காது கேளாததுபோல் இருந்துகொண்டது.

நாற்பதாம் நாள் மனுவின் நெற்றியில் குண்டூசி இறங்கியது.

“வந்துட்டீங்களா, அண்ணே!” என்று துள்ளியது மனு.

மனுவின் ஓரத்தில் மை இன்னும் காயவில்லை: ‘நோயாளி இறந்துவிட்டார். கோப்பை உடனே முடிக்கவும்.’

இதைச் சொன்னது நான்தான் என்று யாரிடமும் மூச்சு விட்டுவிடாதீர்கள். என் மனுவும் அந்தக் காகிதக் கட்டுக்குள்தான் கிடக்கிறது.