இரண்டு தட்டு

அடுக்குமாடி ஜன்னல் கண்ணாடிகளை வெளியிலிருந்து துடைக்க மெஷின் வந்ததும், துடைப்பவரைக் கயிற்றிலிருந்து இறக்கிக் கீழே காவலுக்கு நிறுத்திவிட்டார்கள்.

"மாடு மேய்ச்சா பாலாவது கிடைக்கும். நீங்க மெஷினை மேய்க்கிறீங்க" என்பாள் மனைவி. அவள் வாய்க்கு ஏது பூட்டு?

அந்தரத்தில் தொங்கிய காலத்தில், உள்ளே இருப்பவர்கள் பயந்துவிடக் கூடாதே என்று இரண்டு தட்டு தட்டிவிட்டுத்தான் துடைப்பார். மெஷினுக்கு அந்த மரியாதையெல்லாம் கிடையாது.

இன்று காலை மெஷின் படுத்துவிட்டது. அதைக் காலடியில் கிடத்திவிட்டு ஒன்பதாம் மாடி அக்காவுக்குப் போன் செய்தார்.

"அக்கா, மெஷின் ரிப்பேர். இன்னைக்குத் துடைக்க முடியாது."

"அதான் நீயே தட்டிட்டு வெளியே தொங்கறியே தம்பி. வாயே அசையல, எப்படித்தான் பேசறியோ. இரு, ஜன்னலைத் திறக்கறேன்."

அண்ணாந்து பார்த்தார். சுவரில் கயிறுகூட இல்லை.

"திறக்காதீங்க" என்று வாயெடுப்பதற்குள், தாழ்ப்பாள் விலகும் சத்தம் போனில் கேட்டது.