கல்லில் இல்லாத மகள்

இங்கிலாந்தின் நார்ஃபோக் பகுதித் தேவாலயம் ஒன்றில், அறுநூறு வருடத்துக் கல்லறை முன் வில்ஃப்ரட் மண்டியிட்டார். கல்லில் செதுக்கிய உருவமாக, சர் ஏமர் என்ற பிரபு. காலடியில் வரிசையாக மூன்று மகன்கள்.

"இவர்தான் என் மூதாதை, மியூரியல்! ஒருவழியா கண்டுபிடிச்சிட்டேன்."

"மூணுல எந்தப் பையன் வழிங்க நீங்க?" என்றாள் மனைவி.

"மூணு பேருக்கும் வாரிசு இல்ல. நான் மகள் வழி. மாவு ஆலைக்காரனைக் கட்டிக்கிட்டாள்னு அப்பன் அவளைத் தலைமுழுகிட்டான். கல்லுலகூடச் செதுக்க விடல. என்ன மனுஷன்!"

மியூரியல் கல்லில் இருந்த மூன்று மகன்களையும் பார்த்தாள்.

"நம்ம வீட்டுப் படத்துலயும் ரெண்டு பையனுங்கதான் இருக்காங்க. நம்ம பொண்ணு லோர்னா நின்ன பக்கத்தை நீங்க கத்தரிச்சிட்டீங்களே."

மகன்களுக்கு அருகே வெறுமையாய்க் கிடந்த கல்லை அவர் விரல் தடவியது.

"அவ நம்பர் இருக்கா?"

"மாத்திட்டா. அன்னிக்கு நானும் வாயைத் திறக்கலையே... எனக்கும் தரல."