ஜெரோமின் இடதுகால்

பெரிய அணி கூப்பிட்டதும், தான் கோப்பை வாங்கித் தந்த பழைய அணியை விட்டுப் போன பயிற்சியாளர் பெர்னார்ட். போன இடத்தில் வரிசையாகத் தோல்வி. இன்றும் தோற்றால் வேலை போய்விடும். எதிரே ஆடுவது அந்தப் பழைய அணிதான். ஆட்டம் சமநிலையில் இருந்தது; கடைசி நிமிடத்தில் அந்த அணியின் ஜெரோம் இடதுகாலால் உதைத்த பந்து பெர்னார்ட் அணியின் வலைக்குள் போனது. அந்த இடதுகாலுக்காக வருடக்கணக்கில் பெர்னார்டிடம் திட்டு வாங்கியவன். கோல் அடித்த வெறியில், பழக்க தோஷத்தில், நேராக அவரிடமே ஓடிவந்தான். அவர் கைகளும் தாமாக விரிந்தன.

"இடதுகால் சரியா வந்துச்சா கோச்?"

"வந்துச்சுடா."

அவர் சட்டையின் நிறம் அப்போதுதான் அவன் கண்ணில் பட்டது.

"ஐயோ, சாரி கோச்."

நடுவர் கடைசி விசில் ஊதினார். ஜெரோம் விலகப் பார்த்தான். பெர்னார்ட்தான் விடவில்லை.