கல்லுக்கு இந்தப் பக்கம்

அண்ணன் என் மகளின் கண்களைக் கையால் பொத்தினார்.

கிறிஸ்துமஸ் மாலை. கடற்கரைச் சாலை நிறையக் கூட்டம். காந்தி சிலையைத் தாண்டி, பாறைகளை ஒட்டிய குட்டைச்சுவரில் நான்கு பேர் உட்கார்ந்து குடித்துக்கொண்டிருந்தார்கள்.

ஜெபமலர் விரலிடுக்கு வழியாகப் பார்த்துச் சிரித்தாள். அவளுக்கு ஏழு வயது.

அண்ணன் தூத்துக்குடிப் பக்கம் ஒரு சபையில் உபதேசியார். புதுச்சேரிக்கு அதுதான் முதல் முறை. பேருந்து நிலையத்திலிருந்து சாரம் பகுதியில் இருக்கும் என் வீடு வரை பிராந்திக் கடைப் பலகைகளையே பார்த்துக்கொண்டு வந்தவர், அன்று சாப்பாட்டைத் தொடவில்லை. ஜெபத்தில் இந்த ஊருக்காக அழுதார். உண்மையாகவே அழுதார்.

“என்ன ஊருட்டீ இது? பிறந்த நாள் அவருக்கு, கூத்து இவனுகளுக்கு. பிள்ளைய எங்கூட அனுப்பிரு. நம்மூர்ல வளரட்டும்.”

 கணவர் போன பிறகு எனக்கு இருந்தது அவள் ஒருத்திதான்.

கூட்டத்தை விட்டு விலகுவதற்காக அண்ணன் அவளைத் தூக்கிக்கொண்டு, சுவரைத் தாண்டிப் பாறைமேல் கால் வைத்தார். குடித்துக்கொண்டிருந்தவர்களில் சிவப்புக் காகிதத் தொப்பி போட்ட ஒருவன் பாட்டிலைச் சுவர்மேல் நிறுத்திவிட்டுப் பதறி எழுந்தான்.

“அந்தாண்ட போவாதீங்க சாமி, வழுக்கும்! பாப்பாவக் கூட்டிக்கினு இந்தாண்ட வாங்க. கல்லுக்கு இந்தாண்ட இருந்தா ஒண்ணும் ஆவாது.”

அண்ணன் இறங்கினார். ஒரு குடிகாரன் தனக்குப் புத்தி சொன்னதில் அவர் முகம் கறுத்துவிட்டது. தொப்பிக்காரன் ஜெபமலருக்கு ஒரு சல்யூட் வைத்தான். அவளும் வைத்தாள்.

பண்டிகைக்கு மறுநாள் காலையில் கடலோரம் நின்று ஜெபிப்பது எங்கள் அப்பா காலத்துப் பழக்கம். அந்த வருஷம் மறுநாள் ஞாயிற்றுக்கிழமை வேறு. இந்தக் கரை வேண்டாம், குடி நாற்றம் இல்லாத கரை வேண்டும் என்றார் அண்ணன். ஆற்றைத் தாண்டி, அரியாங்குப்பத்துக்கு அப்பால் இருக்கும் ஒரு மீனவக் கிராமத்தைப் பக்கத்து வீட்டில் விசாரித்து வைத்துக்கொண்டார்.

அங்கே கடை கிடையாது, கூட்டம் கிடையாது. படகுகளும் சுத்தமான மணலும் மட்டும்தான். பாறையும் இல்லை, சுவரும் இல்லை.

காலையில் ஜெபமலர் மனப்பாட வசனத்தை ஒருமுறை என்னிடம் ஒப்பித்துக் காட்டினாள். புதுக் கவுனோடு மாமா கையைப் பிடித்துக்கொண்டு கிளம்பினாள்.

சுனாமி என்ற சொல்லே அன்று மத்தியானம்தான் எங்களுக்குத் தெரிந்தது.

அண்ணன் மட்டும் திரும்பி வந்தார். சட்டையெல்லாம் சேறு. அவளைப் பிடித்திருந்த கையை அவரால் விரிக்க முடியவில்லை.

சாயங்காலம் வரை இருவரும் கரை கரையாகத் தேடினோம். கடைசியில், எதற்கென்று தெரியாமலே, கடற்கரைச் சாலைக்கு வந்து நின்றோம். போலீஸ்காரர்களைத் தவிர யாரும் இல்லை.

சாலை காய்ந்து கிடந்தது.

சுவர்மேல் நேற்று அந்தத் தொப்பிக்காரன் நிறுத்திய பாட்டில் சாயாமல் அப்படியே நின்றது. அடியில் கொஞ்சம் மிச்சம் இருந்தது.

அண்ணன் அதையே பார்த்துக்கொண்டு நின்றார். கண்ணை எடுக்கவில்லை.

நான் அருகே போய் அவர் கண்களைக் கையால் பொத்தினேன்.