மூன்றாம் வகுப்பு உளவாளி

"மிஸ், இந்த அட்டையத் தலைகீழா வெச்சா வேற வார்த்தை வருமா?"

கைப்பையைத் தோளில் மாட்டிக்கொண்டு வாசலுக்கு வந்துவிட்ட தேவிப்ரியா திரும்பிப் பார்த்தாள். மூன்றாம் வகுப்பு சுகாசினி. கடைசி மணி அடித்துப் பிள்ளைகள் எல்லாம் பறந்துவிட்டார்கள். இவள் மட்டும் ஓட்டை ஓட்டையான ஒரு ஜக்கார்டு அட்டையைக் கையில் வைத்துக்கொண்டு பெஞ்சை விட்டு அசையவில்லை.

"நாளைக்குப் பார்க்கலாம் கண்ணு. மிஸ்ஸுக்கு பஸ் போயிடும்."

"ஒரே ஒரு டவுட்டு மிஸ். இத மட்டும் சொல்லிட்டுப் போங்க."

பெரிய காஞ்சிபுரத்தில் அந்தச் சின்னப் பள்ளி இருக்கும் தெருவில் பாதி வீடுகளில் தறி ஓடுகிறது. புடவையில் பூ வேலைப்பாடான புட்டா விழுவதற்காகத் தறிக்கு மேலே மாட்டுகிற அட்டைகள் கிழிந்து போனால் பிள்ளைகள் கைக்கு வந்துவிடும். அதை வைத்துத்தான் தேவிப்ரியா உளவாளி விளையாட்டை உண்டாக்கியிருந்தாள். எழுத்துகள் கன்னாபின்னாவென்று கிடக்கும் தாளின் மேல் அட்டையை வைத்தால், ஓட்டைகளில் தெரியும் எழுத்துகள் மட்டும் சேர்ந்து ரகசியச் செய்தியாகும். பாடம் என்றாலே கொட்டாவி விட்ட பிள்ளைகள் இப்போது அட்டையும் கையுமாக மண்டையை உடைத்துக்கொண்டார்கள்.

விளையாட்டுக்கு ஒரு ரகசியச் சொல்லும் உண்டு. 'தங்கப் பல்லி.' அதைச் சொல்கிறவர்தான் நம் ஆள்; சொல்லத் தெரியாதவர் மிட்டாய் கொடுத்தாலும் வாங்கக் கூடாது, கூப்பிட்டாலும் போகக் கூடாது. தினமும் காலையில் நாற்பது பிள்ளைகளும் அந்த மகா ரகசியத்தைக் கோரஸாகக் கத்துவார்கள். தெருமுனை டீக்கடை வரை கேட்கும்.

அந்த விதியை அவள் சேர்த்ததே பயத்தில்தான். எட்டு மாதத்துக்கு முன், தருமபுரியில், அவளைச் சமையலறைக்குள் தள்ளி, கேஸைத் திறந்துவிட்டு, வெளியே தாழ் போட்டான் கணவன் முத்துக்குமார். பக்கத்து வீட்டுக்காரர்கள் கதவை உடைத்ததால் உயிர் பிழைத்தாள். கட்டிய புடவையோடு ஓடி வந்தவளை, "எங்க போனாலும் தேடிப் பிடிச்சு முடிப்பேன்" என்று அவள் அண்ணனிடமே சொல்லி அனுப்பியிருக்கிறான். சொன்னால் செய்கிறவன். அங்கே எல்லோருக்கும் அவள் தேவி. இங்கே பிரியா மிஸ். தெருவில் தனியாக ஓரடி வைக்க மாட்டாள். மற்ற டீச்சர்களோடு சேர்ந்துதான் பஸ் ஏறுவாள், ஏனாத்தூரில் இறங்கி அறைக்குள் போய்த் தாழ் போடும் வரை யாராவது கூட வர வேண்டும்.

"பிரியா, வரலியாமா?" வராந்தாவிலிருந்து தலைமையாசிரியை இந்திராணி குரல் கொடுத்தார்.

தேவிப்ரியா சுகாசினியைப் பார்த்தாள். ஜூன் மாதம் முழுக்க வாயே திறக்காத பிள்ளை அது. இந்த விளையாட்டு வந்த பிறகுதான் பேசவே ஆரம்பித்திருக்கிறது. அதன் வாயை அடைக்க அவளுக்கு மனசு வரவில்லை.

"அஞ்சே நிமிஷம் மேடம். நீங்க நடந்துக்கிட்டே இருங்க, ஓடி வந்து பிடிச்சிடறேன்."

"சரி, சாவி மேஜை மேல இருக்குது. பூட்டிக்கினு வா."

அட்டையைத் தலைகீழாக வைத்தார்கள். வேறு எழுத்துகள் தெரிந்தன. சுகாசினிக்கு அடுத்த சந்தேகம் வந்தது.

"அட்டைய எதிரி திருடிக்கினா மிஸ்?"

"வேற அட்டை மாத்திடணும்."

"ரெண்டு அட்டைய ஒண்ணு மேல ஒண்ணு வெச்சா? ரெண்டும் இருந்தாதானே படிக்க முடியும்? ஒண்ணத் திருடினாலும் பிரயோஜனம் இல்லியே?"

தேவிப்ரியா அசந்துபோனாள். அவளுக்கே தோன்றாத யோசனை. பையைக் கழற்றி வைத்துவிட்டு உட்கார்ந்தாள். இரண்டு அட்டைகளை அடுக்கி, புதிய தாளில் எழுத்துகளை நிரப்பி, "படி பார்ப்போம்" என்றாள். குழந்தை திணறித் திணறிப் படித்தது. எட்டு மாதத்தில் முதன்முறையாக அவள் பயத்தை மறந்து சிரித்தாள்.

"தண்ணி குடிச்சிட்டு வரேன் மிஸ். போயிடாதீங்க, இன்னொரு டவுட்டு இருக்குது."

சுகாசினி வராந்தாவுக்கு ஓடிவிட்டு உடனே திரும்பி வந்தாள். அப்போதுதான் தேவிப்ரியா கடிகாரத்தைப் பார்த்தாள். நாலே முக்கால். பள்ளிக்கூடம் முழுக்கச் சத்தமே இல்லை. தெருவில் தறி ஓடுவது மட்டும் கேட்டது.

"ஐயையோ, கிளம்பு கிளம்பு! உன்னைக் கூட்டிட்டுப் போக யாரு வருவாங்க?"

"எதிர் வீடுதானே மிஸ், நானே போயிடுவேன். மிஷனும் முடிஞ்சிடுச்சு."

"மிஷனா? இன்னிக்கு நான் எதுவும் குடுக்கலையே."

"நீங்க இல்ல மிஸ். உளவாளித் தலைவர் அங்கிள் குடுத்தாரு. மத்தியானம் சாப்பாட்டு பெல்லுல கேட்டாண்ட நின்னுக்கினு இருந்தாரு."

தேவிப்ரியா அவள் தோளைப் பிடித்தாள். "தெரியாதவங்ககிட்டப் பேசக் கூடாதுன்னு சொல்லியிருக்கேன்ல?"

"தங்கப் பல்லின்னு கரெக்டா சொன்னாரு மிஸ். அப்ப நம்ம ஆளுதானே? தேவி மிஸ்ஸ எனக்கு நல்லாத் தெரியும்னாரு. பிரியா மிஸ்னு நான்தான் திருத்தினேன்."

 தேவிப்ரியா வாசலைப் பார்த்தாள். "என்ன... என்ன மிஷன் குடுத்தாரு?"

சுகாசினிக்கு முகமெல்லாம் சிரிப்பு.

"எல்லா டீச்சரும் போற வரைக்கும் டவுட்டு கேட்டுக்கினே உங்கள இங்கியே உட்கார வெக்கணும்னாரு. வெச்சிட்டேன் மிஸ்! தண்ணி குடிக்கப் போறேன்னு போயி இப்பதான் அவருக்குக் கைய ஆட்டிட்டு வந்தேன். கேட்டச் சாத்திட்டு வந்துக்கினு இருக்காரு."