முதல் சிரிப்பு

"எங்க மில்லப் பத்தி நாலு ஜோக் கண்டிப்பா இருக்கணும் தம்பி. தாராளமா அடிச்சு விடுங்க."

அலெக்ஸ் இன்னொரு தடவை சொல்லச் சொல்லிக் கேட்டான்.

ஐந்து வருடமாக மேடையில் நின்று ஜோக் சொல்கிறான். பெரிய ஆள் இல்லை. பெரிய ஆளின் தேதி கிடைக்காதபோது கூப்பிடுகிற ஆள். கூப்பிடுகிறவர்கள் முதலில் தருவது, எதைப் பேசக் கூடாது என்ற பட்டியலைத்தான். போன மாதம் ஸ்ரீவில்லிபுத்தூரில் ஒரு கல்யாண வரவேற்பு. அரசியல் கூடாது, சாமி கூடாது, மாமியார் கூடாது என்று வந்து, கடைசியில் பால்கோவாவும் கூடாது என்றார்கள். மாப்பிள்ளையின் தாய்மாமா பால்கோவாக் கடை வைத்திருந்தாராம்.

ராஜபாளையத்து நூல் மில்லில் இப்படி ஒரு பெருந்தன்மை. ஆண்டு விழாவுக்கு ஆள் பிடிக்கும் பொறுப்பு மேனேஜர் வேல்சாமியுடையது. போலீஸிலிருந்து ஓய்வு பெற்றவர். சிரிப்பின் அருமை தெரிந்தவர் போலும்.

"எழுதிக்கிடுங்க. கேண்டீன் சாம்பார், பாத்ரூம் போறதுக்கு டோக்கன், முதலாளி தலையில அடிக்கிற டை."

"முதலாளி கோவிச்சுக்கிட மாட்டாரா சார்?"

"அவருதான் சொல்லச் சொன்னாரு. தொழிலாளிக மனசு விட்டுச் சிரிக்கணும் தம்பி. அம்புட்டுத்தான்."

அலெக்ஸ் வீட்டுக்கு வந்து அக்காவிடம் சொன்னான். அக்கா அக்சா அதே மில்லில் ஆறு வருடமாகத் தற்காலிகத் தொழிலாளி. இந்த மாதம் பெர்மனென்ட் ஆக்குவதாகச் சொல்லியிருந்தார்கள். அலெக்ஸ் இவள் தம்பி என்று தெரிந்தால் சிபாரிசு என்று பேச்சு வரும். அதனால் மில்லில் அவள் மூச்சு விடவில்லை.

"ஏலே, முதலாளியப் பத்தியா? ஒருத்தியும் சிரிக்க மாட்டா. பயந்து சாவாளுவ."

"அதுக்குத்தான் நீ இருக்க. கூட்டத்துல எப்பவும் நம்ம ஆளு ஒண்ணு வேணும்க்கா. முதல்ல ஒருத்தர் சிரிச்சாத்தான் மத்தவங்களுக்குத் தைரியம் வரும்."

"போலே. எனக்கு வெக்கமா இருக்கும்."

"நான் மூக்கத் தொடும்போதெல்லாம் சிரிச்சிரு. இந்த ஷோ ஓடலன்னா மாமா என்னைய அவரு பேண்டேஜ் கம்பெனிக்கு வரச் சொல்லிட்டாரு."

"சரி, உனக்காகச் சிரிச்சுத் தொலைக்கேன்."

விழாவன்று டோக்கன் ஜோக்குக்கு முந்நூறு பேரும் சிரிப்பை அடக்கிக்கொண்டு முன்வரிசையிலிருந்த முதலாளியின் முதுகைப் பார்த்தார்கள். அலெக்ஸ் மூக்கைத் தொட்டான். நாலாவது வரிசையில் அக்சா வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். அவ்வளவுதான், பந்தல் அதிர்ந்தது. சாம்பாருக்கும் அப்படியே. டை ஜோக் வந்தபோது அக்சாவின் வெட்கம் எங்கோ போயிருந்தது. விசிலே அடித்தாள்.

முதலாளியும் சிரித்தார். இப்படி ஒரு நிர்வாகத்தை அலெக்ஸ் பார்த்ததே இல்லை.

முடிந்ததும் வேல்சாமி அவனைத் தன் அறைக்கு அழைத்துப்போய்க் கையைப் பிடித்துக் குலுக்கினார்.

"பிரமாதம் தம்பி! நமக்கு இன்னும் ரெண்டு மில்லு இருக்கு. அங்கேயும் நீங்கதான்."

"ரொம்ப நன்றி சார். வீடியோ குடுத்தீங்கன்னா யூடியூப்ல போட்டுக்கிடுவேன்."

"அதுல நீங்க இருக்க மாட்டீங்களே."

"மூணு கேமரா வச்சிருந்தீங்களே சார்?"

"மூணும் கூட்டத்தப் பாத்துல்லா இருந்துச்சு." வேல்சாமி குரலைத் தாழ்த்தினார். "உள்ளுக்குள்ள யாரோ யூனியன் ஆரம்பிக்கப் பாக்காங்க. ஆறு மாசமா ஆளு யாருன்னு சிக்கல. இன்னைக்குச் சிக்கிருச்சு. அம்புட்டுப் பேரும் பயந்துக்கிட்டு இருக்கையில, ஒவ்வொரு தடவையும் ஒரே ஆளுதான் துணிஞ்சு ஆரம்பிச்சு வைக்குது. அதான் தலைவி. நாளையிலேர்ந்து அந்தப் பிள்ளைக்கு இங்க வேலை இல்ல."

லேப்டாப்பை அவன் பக்கம் திருப்பினார்.

திரை முழுக்க அக்சா. அவன் மூக்கைத் தொட்ட இடத்திலெல்லாம், ஒன்றுகூடத் தவறாமல், சிரித்துக்கொண்டிருந்தாள்.